அஃபிலியேட் வைத்து எண்ணெய் விற்ற மூன்றேகால் வருடம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு மரச்செக்கு ஓடுகின்றன. நானும் என் தம்பியும் பார்ட்னர்ஷிப்பில் நடத்துகிறோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டி, கடையிலும் எங்கள் வெப்சைட்டிலும் விற்கிறோம். 2022 தை மாதம் அஃபிலியேட் முறையைத் தொடங்கினோம், 2025 சித்திரையில் நிறுத்தினோம். சோப்பு, தேன், கைத்தறிச் சேலை என்று சின்னதாக ஆன்லைனில் விற்கும் நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இதைத் தொடங்கலாமா வேண்டாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முறை எளிமையானது. ஒருவர் நம் பொருளைப் பற்றி வீடியோ போடுகிறார், கீழே அவருக்கென்று நாம் கொடுத்த லிங்க் இருக்கும். அதைத் தொட்டு உள்ளே வருகிறவரின் பிரவுசரில், யார் லிங்கில் வந்தார் என்று காட்டும் சின்ன அடையாளம் ஒன்று பதிந்துவிடும், அதற்குப் பெயர் குக்கீ. எங்கள் கணக்கில் அது 30 நாள் இருக்கும். அதற்குள் அவர் வாங்கினால் வீடியோ போட்டவருக்கு, அதாவது அஃபிலியேட்டுக்கு, கமிஷன். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. விற்றால் மட்டும் காசு, விற்காவிட்டால் செலவே இல்லை என்பதுதான் சின்ன வியாபாரிகளை இழுக்கிற பேச்சு. என்னையும் அதுதான் இழுத்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தரகு ஒன்றும் புதிதில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவருக்குத் தரகு உண்டு என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அவர் எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்குகிறவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணம் எடுக்க மாட்டார். அதே மாதிரிதானே இதுவும் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் டின் 1,600 ரூபாய்க்கு விற்றோம். பருப்பு, ஆள் கூலி, டின், கூரியர், பேமென்ட் கேட்வே எல்லாம் போக, புண்ணாக்கு விற்ற காசையும் சேர்த்து, கையில் நின்றது 200 ரூபாய். 10 சதவீதம் கமிஷன் என்றால் 160. மீதி 40. அதையும் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வீடியோ போடுகிறவர்கள் தங்கள் ஆட்களுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் கேட்பார்கள். 5 சதவீதம் கொடுத்தால் விலை 1,520 ஆகிறது. கமிஷன் 152, தள்ளுபடி 80, இரண்டையும் கூட்டினால் 232. ஒரு டின்னுக்கு 32 ரூபாய் கையிலிருந்து போகிறது. முதல் தடவை நட்டம் வந்தாலும் இரண்டாவது, மூன்றாவது தடவை அவர் நேராக நம்மிடம் வருவார், அதில் எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அது ஏன் நடக்கவில்லை என்பது 2023 நடுவில்தான் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஓர் அக்கா இருக்கிறார். வெப்சைட் வருவதற்கு முன்னாலிருந்தே போனில் சொல்லி வாங்குகிறவர். அவருடைய ஆர்டர் ஒன்றில் ஓர் அஃபிலியேட் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இவரை யார் எங்களுக்குப் புதிதாக அனுப்பியிருக்க முடியும்? போன் போட்டுக் கேட்டேன். “பணம் கட்டற இடத்துல கூப்பன்னு ஒரு கட்டம் இருந்துச்சுங்க தம்பி. நமக்கும் ஏதாச்சும் இருக்குமான்னு கூகிள்ல தேடினேன். ஒரு பக்கம் வந்துச்சு, அதை அமுத்தினேன், ஒண்ணும் குறையலைங்க” என்றார். குறையவில்லைதான். ஆனால் அவர் அமுக்கிய நொடியில் அந்தக் கூப்பன் பக்கத்துக்காரரின் குக்கீ பதிந்துவிட்டது. பத்து வருடப் பழக்கத்தில் வந்த ஆர்டருக்கு, கடைசி இரண்டு நிமிடத்தில் குறுக்கே வந்தவருக்கு நாங்கள் கமிஷன் கொடுத்திருக்கிறோம்.

அன்று இரவு உட்கார்ந்து மூன்று மாத ஆர்டரையும் புரட்டினேன். லிங்க் தொட்ட நேரம் ஒரு பக்கம், பணம் கட்டிய நேரம் ஒரு பக்கம். டின் கூடையில் விழுந்தது காலை 10:40, லிங்க் தொட்டது 10:52, பணம் வந்தது 10:54. இப்படி வரிசையாக இருந்தன. எங்களுக்கு அதிக ஆர்டர் ‘கொண்டுவந்த’ முதல் மூன்று பேரில் இரண்டு பேர் கூப்பன் பக்கம் நடத்துகிறவர்கள். எங்கள் எண்ணெயை அவர்கள் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. கடைசியாகத் தொட்ட லிங்க் யாருடையதோ அவருக்கே முழுக் கமிஷன் என்ற விதியில் இது திருட்டுகூட ஆகாது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. நல்லெண்ணெய் எப்படி மணக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பொறுமையாகச் சொல்லி ஒருவரை வாங்க வைத்தவருக்கு ஒன்றும் போகாது, வாசலில் நின்று கையைத் தொட்டவருக்கு எல்லாம் போகும்.

இது என் ஒருவனுக்கு வந்த பிரச்சினை இல்லை என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் ஈபே என்ற ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் அஃபிலியேட்களில் முதலிடத்தில் இருந்தவரே, மக்களுக்குத் தெரியாமல் அவர்கள் கம்ப்யூட்டரில் குக்கீயைத் திணித்துக் கோடிக்கணக்கில் கமிஷன் வாங்கியதற்காக 2014-ல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை பெற்றிருக்கிறார். ஹனி என்று ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்த்துக்கொண்டால் தானே கூப்பன் தேடித் தருவது; பேபால் என்ற பணப் பரிமாற்றக் கம்பெனி சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. அது வீடியோ போட்டவர்களின் லிங்கைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்கிறது என்று மெகாலாக் என்ற யூடியூபர் 2024 டிசம்பரில் குற்றம் சாட்டினார். அதற்கு அடுத்த மார்ச் மாதம் கூகிளே குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான அஃபிலியேட் விதியை இறுக்கியது. வாங்குகிறவருக்குப் பலன் எதுவும் தராமல் லிங்கை நுழைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே பிடிக்கத் தெரியாத கணக்கை, பகலெல்லாம் செக்கடியில் நிற்கிற நான் எப்படிப் பிடிப்பேன்?

கூப்பன் கட்டத்தை எடுத்துவிட்டோம், கூப்பன் பக்கக்காரர்களையும் நீக்கினோம். அது பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. திரும்பி வரும் பார்சல் இன்னொரு தலைவலி. தொடக்கத்தில் பார்சல் கிளம்பியதும் கமிஷனை அனுமதித்துவிட்டோம். கேஷ் ஆன் டெலிவரியில் போன டின்கள், வாங்க ஆளில்லாமல் நசுங்கி, அட்டைப்பெட்டியெல்லாம் எண்ணெய் ஊறித் திரும்பி வந்தன. போக வர இரண்டு கூரியர் கூலியும் எங்கள் தலையில், கமிஷனும் போய்விட்டது. டெலிவரி ஆகி 30 நாள் கழித்துத்தான் கமிஷன் என்று மாற்றியதும் சில அஃபிலியேட்கள் தாமாகவே காணாமல் போனார்கள். அப்புறம் டிடிஎஸ் வேலை, அதாவது கொடுக்கிற பணத்திலேயே வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது. பார்ட்னர்ஷிப் என்பதால், ஒருவருக்கு வருடத்தில் ஒரு வரம்பைத் தாண்டிப் போகும் கமிஷனில் 194எச் பிரிவின்படி நாங்கள் பிடித்தாக வேண்டியிருந்தது. 5 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபரில் 2 ஆனது. ஒவ்வொருவரிடமும் பான் எண் வாங்கிச் சேர்ப்பதற்குள் ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்கு என் பெயரைக் கேட்டாலே பயம் வந்துவிட்டது.

இதெல்லாம் பணம். இதற்காக மட்டும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

2024 ஆவணியில் ஒரு சாயங்காலம், கடையில் என் மனைவி போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகம் மாறி, ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினாள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. குரலைக் கேட்டால் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். “தம்பி, உங்க நல்லெண்ணெய் வந்துருச்சு. காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் குடிக்கிறேன். சுகர் மாத்திரையில ஒண்ணை நிறுத்திட்டேன், பத்து நாளாச்சு. இன்னொண்ணை எப்ப நிறுத்தலாம்?”

எனக்குக் கை நடுங்கியது. யார் சொன்னது அம்மா என்று கேட்டேன். மகன் வீடியோவில் பார்த்து வாங்கிக் கொடுத்தானாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது, இது சமைக்கிற எண்ணெய், மருந்தில்லை, நாளைக்குக் காலையிலேயே டாக்டரைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். “அப்ப வீடியோவுல பொய்யா சொல்றாங்க?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? அந்த வீடியோவின் கீழே இருந்தது நான் கொடுத்த லிங்க். அந்த மாதம் அதற்கு நான் கமிஷன் அனுப்பியிருந்தேன். ஜிபேயில் ‘நன்றி’ என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

மறுநாள் அந்த அம்மாவின் மகனிடம் பேசினேன். டாக்டரிடம் கூட்டிப்போய், மாத்திரையைப் பழையபடி போடச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

வீடியோ போட்ட பையனைக் கூப்பிட்டேன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். “அண்ணா, நீங்களா சொன்னீங்க? நான்தானே சொன்னேன். சும்மா நல்லெண்ணெய்னு சொன்னா யாருண்ணா வாங்குறாங்க? அப்படிச் சொன்னதுக்கப்புறம்தான் சேல்ஸ் ஏறுச்சு” என்றான். அவன் சொன்னது உண்மை. கணக்கிலும் ஏறியிருந்தது, நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். எதனால் ஏறியது என்று நான் கேட்கவே இல்லை. விற்றால்தான் காசு என்று நான் வைத்த விதிதான் அவனை ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு படி கூடுதலாகப் பேச வைத்தது. முதல் வீடியோவில் ‘உடம்புக்கு நல்லது’. மூன்றாவதில் ‘கொலஸ்ட்ரால் குறையும்’. ஆறாவதில் மாத்திரை வேண்டாம். மொத்தம் 63 பேர் எங்களிடம் பதிவு செய்திருந்தார்கள். யார் எங்கே என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க எங்களிடம் ஆளே கிடையாது. ஆனால் பாட்டிலில் ஒட்டியிருப்பது எங்கள் பெயர், எங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். பேசியவருக்கு மட்டுமில்லை, தயாரிப்பாளருக்கும் போடலாம். காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி, பேசுகிற அதே மொழியில் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதைச் சொல்லவே இல்லை, சொன்னவர்களிலும் சிலர் கீழே ஆங்கிலத்தில் ஒரு ஹாஷ்டேகோடு முடித்துக்கொண்டார்கள். திண்டுக்கல் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? சந்தைத் தரகருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் எனக்கு உறைத்தது. வீடியோ போட்ட பையன் தரகன் என்பது தெரிந்திருந்தால் அந்த அம்மாவும் பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பார். அவர் அந்தப் பையனைத் தன் பேரன் மாதிரி நினைத்துக் கேட்டிருக்கிறார்.

ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. சமையல் வீடியோ போடும் ஓர் அக்கா எங்கள் அஃபிலியேட்டாக இருந்தார். ஒவ்வொரு வீடியோவிலும் முதல் நிமிடத்திலேயே “இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும், கடையில கிடைச்சா கடையிலேயே வாங்கிக்கோங்க” என்று வாயால் சொல்வார். ஒரு தடவை எங்கள் நல்லெண்ணெயில் லேசாகக் கசப்பு இருந்ததை அப்படியே சொன்னார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. போய்ப் பார்த்தால் அந்தத் தடவை ஆட்டிய எள் சரியில்லை. அவர் வழியாக வந்தவர்கள் கொஞ்சம்தான், ஆனால் அவர்களில் பலர் இன்றும் வாங்குகிறார்கள். ஆர்டர் எண்ணிக்கையில் அவர் எப்போதும் பதினைந்தாவது இடத்துக்குக் கீழேதான். உண்மையைச் சொல்கிறவர் பட்டியலின் அடியில் கிடக்கிற மாதிரி ஒரு முறையை என் கையாலேயே அமைத்திருக்கிறேன் என்பது இன்னும் உறுத்துகிறது. நிறுத்தியபோது அவருக்கும் மாத வருமானம் கொஞ்சம் குறைந்தது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது வருடத்துக்கு நான்கு வீடியோவுக்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே தொகை கொடுக்கிறோம். காசு வாங்கியதை அவர் இப்போதும் சொல்லித்தான் தொடங்குகிறார்.

நிறுத்திய பிறகு முதல் நான்கு மாதம் ஆன்லைன் ஆர்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கையில் நின்ற பணம் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. பார்சலில் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறோம், எங்களைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்டு. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். சித்தி, பக்கத்து வீட்டு டீச்சர், ஆபீஸில் கூட வேலை செய்கிறவர். அப்படிப் பெயர் வருகிறவர்களுக்கு அடுத்த பார்சலில் சொல்லாமல் கால் லிட்டர் எண்ணெய் வைத்து அனுப்புகிறோம். முன்கூட்டி அறிவிப்பதில்லை. அறிவித்தால் அதுவும் தரகாகிவிடும் என்று தம்பி சொல்கிறான், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

மார்ஜின் பாதிக்குப் பாதி நிற்கிற பொருள் என்றால், ஐந்தாறு பேரை நேரில் தெரிந்து வைத்துக்கொண்டு, அவர்கள் போடுகிற ஒவ்வொரு வீடியோவையும் முழுதாகப் பார்க்க நேரமும் இருந்தால் செய்து பாருங்கள். சாப்பிடுகிற பொருள், உடம்பில் பூசுகிற பொருள் விற்கிறவர்கள் வேண்டாம் என்பேன்.

அந்தப் பையன் வீடியோவை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு தடவை கேட்டேன், புகாரும் கொடுத்துப் பார்த்தேன். அதனால் அவனுடைய பழைய லிங்கை மட்டும் நாங்கள் அணைக்காமல் வைத்திருக்கிறோம். அதைத் தொட்டால் கடை திறக்காது. பெரிய எழுத்தில் நான்கு வரி வரும்: இந்த எண்ணெய் எந்த நோயையும் குணப்படுத்தாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் பேசுங்கள், சந்தேகம் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். போன வாரம் அந்தப் பக்கத்துக்கு 11 பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் போன் செய்தார்கள்.