"தோளைத் தளர்த்து" என்றால் எப்படி? அலெக்சாண்டர், ஃபெல்டன்கிரைஸ், பாடி மேப்பிங்: ஓர் ஒப்பீடு

வாத்தியம் கற்றுக்கொண்ட எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம் "தோளைத் தளர்த்து". சொன்னவுடன் தோள் இறங்கும். நாலு ஆவர்த்தனம் போவதற்குள் மறுபடியும் காதுப் பக்கம் ஏறி நிற்கும். சொல்பவர் மேலும் குற்றமில்லை, கேட்பவர் மேலும் குற்றமில்லை. அந்த இறுக்கம் எங்கே, எந்த நொடியில் தொடங்குகிறது என்று இருவருமே பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் வயலின் வாசிக்கிறேன். இடது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் ஒரு வலி பல வருடம் என்னோடு இருந்தது. மாத்திரை, ஒத்தடம், ஓய்வு எல்லாவற்றுக்கும் அடங்கும். வயலினை எடுத்தால் இரண்டாம் நாளே திரும்ப வரும். இது என் ஒருவனுடைய கதை இல்லை. அமெரிக்கச் சிம்பொனி இசைக்குழுக்களில் வாசிப்பவர்கள் 2,212 பேரிடம் எடுத்த கணக்கு 1988இல் வெளியானது. வாசிப்பைப் பாதிக்கிற அளவுக்கு ஒரு உடல் தொந்தரவாவது இருக்கிறது என்று 76 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். வலியோடு வாசிப்பதுதான் சாதகப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வரும்.

உடம்பை அசைக்கும் பழக்கத்தைத் திருத்திக்கொள்ள இசைக்கலைஞர்களுக்கு என்று அடிக்கடி பரிந்துரைக்கப்படுபவை மூன்று முறைகள்: அலெக்சாண்டர் டெக்னிக், ஃபெல்டன்கிரைஸ், பாடி மேப்பிங். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எல்லாவற்றிலும் யாரோ மெதுவாக அசைகிறார்கள், கழுத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அவை கேட்கும் கேள்வி வேறு வேறு. அலெக்சாண்டர் கேட்பது: எதைச் செய்யாமல் விடலாம்? ஃபெல்டன்கிரைஸ் கேட்பது: இதையே இன்னும் எத்தனை விதமாகச் செய்யலாம்? பாடி மேப்பிங் கேட்பது: உன் கை எங்கே தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

கடைசிக் கேள்வி சிறுபிள்ளைத்தனமாகப் படலாம். உடனே பதில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் தோள்மூட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். நானும் அதைத்தான் காட்டினேன். இப்போது வலது கை விரல் நுனியை, தொண்டைக் குழிக்குச் சற்று இடப்பக்கம், காரை எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில் வையுங்கள். இடது கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்குங்கள். விரலுக்கு அடியில் எலும்பு நகர்வது தெரியும். கை உடம்பின் எலும்புக்கூட்டோடு மூட்டாகச் சேருவது அந்த ஒரே இடத்தில்தான். தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் தசைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறது. கையை 180 பாகை தூக்கினால், தோள்மூட்டில் நடப்பது ஏறக்குறைய 120 பாகைதான். மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதால் கிடைப்பது. அப்படியானால் "தோளை ஏற்றாதே, அழுத்தி வை" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி வாசிப்பவர் என்ன செய்கிறார்? பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை ஓட்டுகிறார்.

பாடி மேப்பிங் முழுக்க இதுபோன்ற திருத்தங்கள்தான். செலோ கலைஞர் வில்லியம் கோனபிள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது ஒன்றைக் கவனித்தார். மாணவர்கள் அசைவது உடம்பின் உண்மையான அமைப்புப்படி அல்ல. தங்கள் உடம்பு இப்படி இருக்கிறது என்று மனதில் வைத்திருக்கும் படத்தின்படி. படம் தப்பாக இருந்தால் அசைவும் தப்பாகிறது. அவரும் பார்பரா கோனபிளும் இதை ஒரு பாடமாக வளர்த்தார்கள். தலை முதுகெலும்பின் மேல் உட்காரும் இடம் பிடரியில் இல்லை, இரண்டு காதுகளுக்கு நடுவே இருக்கிறது. முன்கை திரும்பும்போது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, கட்டைவிரல் பக்கத்து எலும்பு அதன் குறுக்கே உருளுகிறது. கட்டைவிரல் பக்கத்தை அச்சாக நினைத்துத் திருப்பும் பியானோ கலைஞருக்கு மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நிற்கும். பாடகர்களுக்கும் இதில் நிறைய இருக்கிறது. "வயிற்றிலிருந்து மூச்சை எடு" என்று கேட்டு வளர்ந்தவர்கள், நுரையீரலின் மேல் நுனி காரை எலும்புக்கும் மேலே இருக்கிறது என்று அறிந்த அன்றே விலாவை இறுக்கிப் பிடிப்பதை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றில் சீக்கிரம் பலன் தருவது இதுதான். ஒரு நல்ல உடற்கூறு படமும் கண்ணாடியும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். ஆனால் தெரிவது வேறு, நடப்பது வேறு. காரை எலும்பைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகும் மேடையில் என் தோள் ஏறியது. எலும்புகளையே நினைத்துக்கொண்டு வாசித்ததில் வாசிப்பு மரத்துப்போனதும் உண்டு.

அப்புறம்தான் அலெக்சாண்டர் பாடத்துக்குப் போனேன். முதல் நாள் ஆசிரியர் சொன்னது: "வயலினை எடுங்க. ஆனா வாசிக்க வேண்டாம்." எடுத்தேன். "பெட்டியிலேயே வையுங்க. மறுபடி எடுக்கணும்னு நினைங்க, எடுக்காதீங்க." அவருடைய கை என் கழுத்தின் பின்னால் லேசாக இருந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் என் பிடரி இறுகி, தலை பின்னால் இழுபட்டு, தாடை இடப்பக்கம் வயலினைத் தேடிப் போனது. வயலின் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது! அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளுக்காக, ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான என் தலையை நான் கழுத்துக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு ஸ்வரம் ஒலிப்பதற்கு முன்பே.

அலெக்சாண்டர் டெக்னிக்கின் சாரம் அந்த ஒரு நொடிதான். 1869இல் தாஸ்மேனியாவில் பிறந்த எஃப்.எம். அலெக்சாண்டர், ஷேக்ஸ்பியர் வரிகளை மேடையில் சொல்லும் கலைஞர். நிகழ்ச்சி நடுவில் குரல் கட்டிக்கொள்ளும். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடை ஏறினால் மறுபடி போய்விடும். அப்படியானால் பேசும்போது நானே ஏதோ செய்கிறேன் என்று முடிவுகட்டி, கண்ணாடி முன் நின்று தன்னையே கவனிக்க ஆரம்பித்தார். வாயைத் திறக்கும் முன்பே தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் காற்றை உறிஞ்சுவது தெரிந்தது. சரி, தலையை முன்னே கொண்டுபோகலாம் என்று முயன்றார். முன்னே போனதாகத்தான் உணர்ந்தார். கண்ணாடியில் பார்த்தால் தலை முன்னைவிடப் பின்னே இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பில்தான் அவருடைய முறை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிகிறது: பழகிய தப்பு சரியாகவே உணரப்படும், ஆகவே உணர்வை நம்பித் திருத்தாதே, முதலில் நிறுத்து.

வேண்டிய ஆதாரமும் இதற்கு ஓரளவு இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் வலி இருந்த நாட்கள் இடைநிலையாக (பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்கு அதற்குக் கீழ்) 21. அலெக்சாண்டர் பாடம் 24 எடுத்தவர்களுக்கு 3. அவர்கள் இசைக்கலைஞர்கள் அல்ல, முதுகு வேறு தோள் வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. இது ஆசிரியரின் கை பட்டு வர வேண்டிய வித்தை. புத்தகம் படித்தோ காணொளி பார்த்தோ ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது. ஆசிரியராவதற்கே மூன்று ஆண்டுகள், 1,600 மணி நேரப் பயிற்சி என்பது பல அமைப்புகளின் வழக்கம். அதனால் எல்லா இடத்திலும் ஆசிரியர் கிடைப்பதில்லை. இன்னொன்று, முதல் சில வாரங்கள் வாசிப்பு மோசமாகும். பழைய பிடிப்பை விட்டாயிற்று, புதியது இன்னும் வரவில்லை. இடையில் வில் நடுங்கும், சுருதி விலகும். கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள். சிலர் "நிமிர்ந்த கழுத்து" என்று புதிதாக ஒரு விறைப்பைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது அலெக்சாண்டர் சொன்னதற்கு நேர் எதிரானது.

ஃபெல்டன்கிரைஸ் இந்த இடத்தில் எதிர்த்திசையில் நிற்கிறது. மோஷே ஃபெல்டன்கிரைஸ் இயற்பியலும் பொறியியலும் படித்தவர். பாரிஸில் ழோலியோ-கியூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், ஜூடோ வீரர். முழங்காலில் பட்ட அடி அவரை இந்த வழிக்குக் கொண்டுவந்தது. உணர்வு ஏமாற்றும் என்கிறார் அலெக்சாண்டர். ஏமாற்றினால் அதைக் கூர்மையாக்கு என்கிறார் இவர். வழி எளிது: முயற்சியைக் குறை. வில்லை முழு பலத்தோடு அழுத்தும்போது இன்னும் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கைக்குத் தெரியாது. இறகுபோல வைத்திருந்தால் தலைமுடி அளவு மாற்றமும் தெரியும்.

பாடம் பெரும்பாலும் தரையில் படுத்தபடி நடக்கும். ஆசிரியர் செய்து காட்ட மாட்டார், வாயால் சொல்வார். எனக்கு மறக்க முடியாத பாடம் தோளைக் கடிகாரமாக நினைப்பது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இடது தோளை 12 மணிக்கு, அதாவது காதை நோக்கி, கொஞ்சம். பிறகு 6 மணிக்கு. பிறகு 3, 9. கடைசியில் முழு வட்டம். 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் என் தோள் வட்டம் போடாமல் தாண்டிக் குதித்தது. அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் ஒரு வழி இருப்பதே என் உடம்புக்கு மறந்துபோயிருந்தது. முக்கால் மணி நேரம் இடது தோள் மட்டும்தான். எழுந்து நின்றபோது இடது கை வலது கையைவிட நீளமாகத் தொங்குவதுபோல் இருந்தது, இடது பாதம் தரையில் அகலமாகப் படிந்திருந்தது. அன்று மாலை வயலினை வைத்தபோது தோள் தானாக இடம் கொடுத்தது.

மறுநாள் காலை அது போய்விட்டது. இதுதான் இந்த முறையில் எனக்குள்ள மனக்குறை. தரையில் கிடைத்தது வாத்தியத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பாலத்தை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். பாடம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் வாத்தியத்தை எடுத்து, மிகவும் எளிய, மெதுவான ஒன்றை வாசித்தால் ஓரளவு வருகிறது. நேரே துரித காலத்துக்குப் போனால் பழைய தோளே வந்து உட்காரும். இசைக்கலைஞர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதில் குறைவு. ஆனால் பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு மூன்றில் உகந்தது இதுதான். குரல் பதிவைப் போட்டுக்கொண்டு தனியாகவே செய்யலாம்.

யோகா போதாதா என்று கேட்பார்கள். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1952இல் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து, பல்லாண்டுகள் அவரிடம் யோகம் கற்றது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மேடைப் பதற்றம் யோகாவால் குறைகிறது என்று இளம் கலைஞர்களிடையே நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. யோகாவை நான் விடவில்லை. ஆனால் ஆசனத்தில் வந்த தளர்ச்சி வாத்தியம் கைக்கு வந்ததும் எங்கே போகிறது என்ற கேள்விக்கு யோகா வகுப்பில் விடை கிடைப்பது அரிது. மணிக்கட்டில் வலி இருப்பவர்கள் உள்ளங்கையை ஊன்றி உடம்பைத் தாங்கும் ஆசனங்களைத் தள்ளிவைப்பது நல்லது. பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறை உடலுக்கு வலு சேர்க்கும், நீண்ட நேரம் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அதுவும் வேண்டியதுதான். அது வேறு கணக்கு.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு அலெக்சாண்டருக்கு. ஏனென்றால் எங்கள் தொந்தரவு பெரும்பாலும் வாசிக்கும்போது தொடங்குவதில்லை. வாசிக்கப்போகும் நொடியில் தொடங்குகிறது. அந்த நொடியைக் கையில் பிடித்துக் காட்டும் முறை அது ஒன்றுதான். சிறுவர்களுக்குக் கற்பிப்பவராக இருந்தால் மட்டும் பாடி மேப்பிங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். தப்பான படம் ஒரு பிள்ளையின் மனதில் பதியாமல் தடுப்பது, இருபது வருடம் கழித்து அதை அழிப்பதைவிட எவ்வளவோ சுலபம். வலி தணிந்து, ஆனால் அசைவு குறுகிப்போய், பயந்து பயந்து வாசிப்பவருக்கு ஃபெல்டன்கிரைஸ்.

விரல் மரத்துப்போவது, இரவில் கை வலித்து எழுப்புவது, பிடி நழுவுவது, விரல்கள் தானாக மடங்குவது, இவற்றுக்கெல்லாம் முதலில் மருத்துவர்தான். பியானோ மேதை லியோன் ஃப்ளைஷரின் வலது கை விரல்கள் 1960களின் நடுவில் தானாகச் சுருண்டுகொண்டன. அது ஃபோகல் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு. பல பத்தாண்டுகள் அவர் இடது கைக்கான படைப்புகளையே வாசிக்க வேண்டியிருந்தது. கவனத்தாலும் தளர்ச்சியாலும் மட்டும் தீர்க்கக் கூடியதல்ல அது.

எந்த ஆசிரியரிடம் போனாலும் முதல் வகுப்புக்கே வாத்தியத்தையும் எடுத்துப் போங்கள். "அது இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் தப்பில்லை. மூன்றாவது, நான்காவது வகுப்பிலும் அதையே சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். நான் இப்போது வயலின் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, தலைக்கு அடியில் இரண்டு புத்தகம், முழங்கால் மடக்கி, பத்து நிமிடம் மல்லாந்து படுக்கிறேன். எழுந்து பெட்டி முன் நிற்கிறேன். எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், எடுப்பதில்லை. பிடரி இறுகுகிறதா என்று பார்க்கிறேன். சில நாள் இறுகுகிறது; அன்றைக்கு இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.