ரூ.1,87,500 போச்சு: பழைய சொகுசுக் காரை கியர்பாக்ஸ் வேலைக்கு விடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய பி.எம்.டபிள்யூவைக் கையைக் கடிக்காமல் ஓட்டுவது எப்படி என்று விரிவாக எழுதுவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருடச் செலவுக் கணக்கு நோட்டில் அப்படியே இருக்கிறது. எந்த ஆயில், எந்த டயர், எந்த சாமானை எங்கே வாங்கலாம் என்று எல்லாவற்றையும் எழுதத்தான் நினைத்திருந்தேன். இன்றைக்கு அது என்னால் முடியாது. ஒரு ஒர்க் ஷாப்பில் ரூ.1,87,500 ஏமாந்து நிற்கிறேன். ஏமாந்தது நேற்று மாலைதான் தெரிந்தது. ராத்திரி கண்ணை மூடவில்லை. வேறு யாராவது இந்த வாரமே அங்கே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாதே என்றுதான் விடிந்ததும் எழுதுகிறேன்.

வண்டி 2014 மாடல் 320டி, டீசல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருட உழைப்பில் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார்தான். அதனால்தான் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதிவைத்தேன். இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் எதிலும் இதுவரை பெரிய தொல்லை வந்ததில்லை.

நான்கு மாதம் முன்பு காந்திபுரம் சிக்னலில் நிற்கப்போகும்போது ஒரு உதறல். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தட்டுவது போல இருந்தது. முதலில் எப்போதாவதுதான் வந்தது. அப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும் வந்தது. அம்மா பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்னடா, பஸ்ஸு மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது" என்று கேட்டார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டபோது கியர்பாக்ஸை மொத்தமாக மாற்ற ஒரு தொகை சொன்னார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அது என் சக்திக்கு மீறியது.

அப்போதுதான் இந்த இடம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லவில்லை, வக்கீலிடம் கேட்காமல் சொல்லக்கூடாது என்று வீட்டில் தடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் கார்களுக்கு மட்டும் என்று போர்டு போட்ட தனியார் ஒர்க் ஷாப், ஊருக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. கண்ணாடி போட்ட ஆபீஸ், வரவேற்பில் ஒரு பெண், தரை முழுக்க எபாக்ஸி. கம்பெனி விலையில் பாதி, ஒரு வருட வாரண்டி என்று விளம்பரம். நட்சத்திரங்களும் நிறைய வாங்கியிருந்தார்கள்.

அதையெல்லாம் பார்த்து மட்டும் நான் நம்பிவிடவில்லை. நம்பியது ஒரே ஒரு வார்த்தையில். நடத்துபவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். "அட்வான்ஸெல்லாம் வேண்டாங்ணா. முதல்ல கழட்டிப் பார்க்கலாங்ணா. சின்ன வேலையா இருந்தா சின்னதாவே முடிச்சுத் தர்றேன். உங்க கிட்ட எதுக்குங்ணா பொய் சொல்லணும், நீங்களும் பட்டறைக்காரரு" என்றார். என் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தே என் தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார். தொழில் தெரிந்தவன் தொழில்காரனை ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எண்ணெய் ஊறிய துணிமேல் கழற்றி வைத்த ஒரு வால்வ் பாடி, அதாவது கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வுகள் இருக்கும் பாகம். துவாரங்களைச் சுற்றி கறுப்பாகக் கசடு, ஓரத்தில் இரும்புத்தூள் மினுமினுக்கிறது. உடனே போனும் வந்தது. "அண்ணா, மெக்கட்ரானிக் போச்சுங்ணா. இதோட ஓட்டுனா மொத்த கியர்பாக்ஸும் போயிரும்."

மெக்கட்ரானிக் என்பது கியர்பாக்ஸின் மூளை. எந்த கிளட்ச்சுக்கு எப்போது எவ்வளவு பிரஷர் போகவேண்டும் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டரும் வால்வுகளும் ஒன்றாக இருக்கும். எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அடியிலிருக்கும் ஆயில் பேனைக் கழற்றியே ஆகவேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சொன்னார்: புது மெக்கட்ரானிக் ரூ.1,45,000, ஆயில் ரூ.18,000, புரோகிராமிங்கும் கூலியும் ரூ.24,500. மொத்தம் ரூ.1,87,500. சாமான் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், இன்றைக்கே பணம் கட்டினால்தான் இந்த விலை என்றார். முதல் நாள் ஒரு லட்சம், மறுநாள் ரூ.87,500, இரண்டும் ஜிபேயில் அனுப்பினேன். கணக்கு ஒர்க் ஷாப் பெயரில் இல்லை, தனி ஆள் ஒருவர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "வீட்டுக் கணக்குதாங்ணா, ஜிஎஸ்டி பில் போட்டா உங்களுக்குத்தான் வீணா கூடும்" என்று பதில். அந்த நிமிடம் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. வண்டி சீக்கிரம் வந்தால் போதும் என்றிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வண்டி வந்தது. வெண்ணெய் மாதிரி ஓடியது. அம்மாவை மருதமலைக்குக் கூட்டிப்போய் வந்தேன், ஒரு உதறல் இல்லை. அந்தத் தம்பிக்குப் போன் போட்டு நன்றியும் சொன்னேன். நான்கு பேருக்கு அவர் நம்பரையும் கொடுத்தேன். அந்த நாலு பேரிடமும் இன்று காலை மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பத்தொன்பதாவது நாள் அதே சிக்னல், அதே உதறல்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதல் தடவை போனபோது, "புது சாமானுங்ணா, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா தானா செட் ஆயிரும்" என்றார். ஓட்டினேன். செட் ஆகவில்லை. இரண்டாவது தடவை டீசலைக் குறை சொன்னார், எந்த பங்க்கில் அடிக்கிறீர்கள் என்று கேட்டார். கியர் இறங்கும்போது உதறுவதற்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கம்ப்யூட்டரை மாட்டி ஏதோ செய்து அனுப்பினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடி, மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை அவர் ஆபீசிலேயே இல்லை. வரவேற்பில் இருந்த பெண், "சார் பெங்களூர் போயிருக்காருங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேங்க" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பைக் நின்றுகொண்டிருந்தது.

நான்காவது தடவை நேரில் பிடித்துவிட்டேன். வாரண்டி என்றேன். வாரண்டி கார்டு எங்கே என்று திருப்பிக் கேட்டார். நீங்கள் கொடுக்கவே இல்லையே தம்பி என்றேன். "எலெக்ட்ரிக்கல் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாதுங்ணா, ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பையன் வந்து, "அண்ணன் ஒரு வாட்டர் வாஷ் ஃப்ரீயா போட்டுத் தரச் சொன்னாருங்க" என்றான். ரூ.1,87,500 கொடுத்தவனுக்கு வாட்டர் வாஷ். அன்று இரவிலிருந்து என் மெசேஜ் எதற்கும் பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் கட் ஆகிறது.

நேற்று என் நண்பர் ஒருவர் உக்கடம் பக்கம் ஒரு பாயிடம் கூட்டிப்போனார். முப்பது வருடமாக கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்பவர். வண்டியை ரேம்ப்பில் ஏற்றி, வண்டியின் அடியை மூடியிருக்கும் தட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்க சார், நீங்க லேத்துக்காரர்தானே" என்றார்.

பார்த்தேன். இந்த கியர்பாக்ஸில் ஆயில் பேன் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். ஃபில்டரை மாற்றினால் பேனையே புதிதாகத்தான் போடவேண்டும். மெக்கட்ரானிக்கை எடுக்கிறவர் யாரும் பழைய பேனைத் திருப்பி மாட்டமாட்டார், முறையும் அது இல்லை. என் வண்டியில் இருந்தது பத்து வருடப் பேன். ஓரம் முழுக்க செம்மண்ணும் பழைய எண்ணெயும் சேர்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. சுற்றியிருந்த நட்சத்திரத் தலை போல்ட் ஒவ்வொன்றின் குழியிலும் மண் இறுகி நிரம்பிக் கிடந்தது. ஒரு ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து பாய் சுரண்டினார், கட்டியாக என் கையில் விழுந்தது. ஒரு தடவை டூல் நுழைந்திருந்தால்கூட அந்த மண் அங்கே இருக்காது. தினம் போல்ட்டும் நட்டும் பார்க்கிறவன் நான், இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேனை யாரும் தொடவே இல்லை.

சந்தேகமே வேண்டாம் என்று ஸ்கேனரையும் மாட்டினார். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கென்று தனி சீரியல் நம்பர் உண்டு. வண்டி வாங்கிய சமயத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் என் போனில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நம்பர். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அந்த வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். பாய் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரு நொடிதான் பார்த்தார். "இது ஆறு கியர் பாக்ஸோட வால்வ் பாடி சார். உங்க வண்டியே இல்ல இது."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ரூ.1,87,500. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் வாங்கியிருக்கிறார்கள். செய்ததெல்லாம் கம்ப்யூட்டரில் அடாப்டேஷனை ரீசெட் செய்ததாகத்தான் இருக்கும் என்கிறார் பாய். அப்படிச் செய்தால் கியர்பாக்ஸ் இதுவரை கற்றுவைத்ததை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்கும், கொஞ்ச நாள் நன்றாக ஓடுவது போலத் தெரியும். நான் அம்மாவை மலைக்குக் கூட்டிப்போனது அந்தக் கொஞ்ச நாளில்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? ஆயில். பத்து வருடமாக மாற்றாத கியர்பாக்ஸ் ஆயில். கார் கம்பெனி இந்த ஆயில் வாழ்நாளுக்கும் போதும் என்கிறது. ஆனால் இந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், மாற்றச் சொல்கிறது. பாய் நேற்றே புதுப் பேன் போட்டு, அதற்கென்று இருக்கும் பச்சை நிற ஆயிலை ஊற்றினார். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் சூடு 40 டிகிரி வரும்போது நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய நூலாக வழிந்தது. அந்த இடத்தில் மூடினார். சாமான், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ரூ.46,000, பில்லோடு. உதறல் எண்பது சதவீதம் போய்விட்டது. மீதி அடாப்டேஷன் ஓட்டத்தில் சரியாகும், ஆகாவிட்டால் கொண்டு வாங்க என்றார். பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார், தார் மாதிரி இருக்கிறது. கேஸுக்கு வேண்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, நான் எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைகள். இன்றைக்குத் தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன்.

வண்டியை விடுமுன் முழு ஸ்கேன் எடுத்து, சீரியல் நம்பர்களோடு சேமித்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு ரிப்போர்ட்தான். கழற்றும் சாமானை உங்கள் வண்டிக்கு அடியிலேயே, நம்பர் பிளேட் தெரிய வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் உதறினால் முதலில் ஆயிலைப் பற்றிக் கேளுங்கள். இன்ஜின் ஆயிலை நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், என் டீசலுக்கு பி.எம்.டபிள்யூ சொல்லும் எல்எல்-04 தரம் என்று டப்பாவில் பார்த்துத்தான் வாங்குவேன். பேட்டரி மாற்றினால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும். டயர், சஸ்பென்ஷன், டீசல் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் பற்றியெல்லாம் எழுதவேண்டும், இப்போது மனசு ஓடவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் காலையில் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நாம் இருக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் இல்லாமலும் போடலாம். ரூ.1,87,500-ஐ விடப்போவதில்லை.

உங்களிடம் ஒரு உதவி. அந்த வால்வ் பாடி படத்தில், எண்ணெய்த் துணி நீலக் கட்டம் போட்டது. வலது ஓரத்தில் மஞ்சள் கைப்பிடி ஸ்குரூ டிரைவர் பாதி தெரியும். இதே படம் கோவையில் வேறு யாருக்காவது, உங்கள் வண்டியுடையது என்று சொல்லி வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள்.