மண்டபத்தில் கடலியல் மாணவர் விடுதி: அட்வான்ஸ் கட்டுமுன் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

கடலியல் படிப்பவர்களை மட்டும் சேர்த்துத் தங்கவைக்கும் விடுதிக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரைவிடத் தோதான இடம் கிடைக்காது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கரைக்கும் நடந்தே போய்விடலாம். கடற்பாசியைக் கையில் கொடுத்ததுமே இது சர்காஸம், இது டர்பினேரியா என்று சொல்லும் சீனியர் பக்கத்து அறையில் இருப்பதுதான் இங்கே பெரிய லாபம். மாலைநேரச் சிறப்புரை, சுவரெல்லாம் மீன்படம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்படிப்பட்ட விடுதியை எடைபோட வேண்டிய இடம் கட்டடத்தின் பின்பக்கம். மாதிரிகளை அலசத் தனிக் குழாய், சிமெண்ட் தளம், மணல் தங்கும் தொட்டியோடு வடிகால், மேலே நிழல்வலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லாம் குளியலறைக்குள் வரும். வலைப்பையில் வந்த மணல் வாரக்கணக்கில் சேர்ந்து குழாயை அடைக்கும், நாற்றம் மாடிவரை ஏறும்.

பாசி உலர்த்த இடம் உண்டா என்றும் கேளுங்கள். கடல்நீரில் அலசிய பாசியைத் தட்டில் மிதக்கவிட்டு, அடியில் தாள் கொடுத்துத் தூக்கி, மேலே மல் துணி போட்டு, இருபுறமும் ஒற்றுத்தாள் வைத்து அழுத்த வேண்டும். ஒற்றுத்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அறைக்குள் வைத்தால் லேசில் காயாது. விசிறியோடு தனி அறை வேண்டும்.

மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினை அறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லும் விடுதியை அப்போதே விட்டுவிடுங்கள். கடையில் வரும் கரைசலில் ஃபார்மால்டிஹைட் 37 முதல் 40 சதவீதம். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் கலந்த பிறகும் கண் எரியும். அது பூட்டிய, காற்றோட்டமுள்ள தனி அறையில் இருக்க வேண்டிய சரக்கு.

எந்தப் பக்கத்து அறை? வாடைக்காலத்தில் பாக் விரிகுடாப் பக்கச் சன்னலும், தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குச் சன்னலும் உப்பை வாங்கும். இரண்டுக்கும் தப்பிய உள்முற்ற அறை கொஞ்சம் புழுக்கம்தான், ஆனால் லேப்டாப்பின் ஆயுள் கூடும். மேசை, அலமாரியில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான் விழும்; நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கதவுக்குப் பித்தளைப் பூட்டு. நுண்ணோக்கிப் பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு, நீலம் ரோஜா நிறமானதும் சூடாக்கித் திரும்ப வையுங்கள். லென்ஸில் பூஞ்சை ஏறிவிட்டால் செலவு அதிகம்.

போர் தண்ணீர் உப்பு என்றால் சோப்பு நுரைக்காது. காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு சேமிக்கிறார்கள் என்பதை வார்டனிடம் மட்டும் கேட்காமல் தங்கியிருப்பவர்களிடமும் கேளுங்கள்.

மெஸ் சுமார்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், தட்டில் முட்டை வரும்.

வரவேற்பறை அலமாரியில் அழகுக்குப் பவளத் துண்டு வைத்திருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளமும் கடலட்டையும் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கியதுதானே என்று பொறுக்கிவந்து அறையில் வைத்தாலும் வம்புதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். விடுதிக் கடிதம் செல்லாது. அனுமதி விண்ணப்பத்தை உங்கள் படிப்புத் துறை வழியாக அனுப்பித்தரும் ஆள் விடுதியில் இருந்தால், மற்ற குறைகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.