செராஸ் பசார் மாலாமில் 108 வெள்ளிக்கு ஏமாந்த கதை

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) அழைத்துப்போய் டுரியான் பழம் வாங்கித் தருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கோலாலம்பூருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்போம். போன மாதம் திருச்சியிலிருந்து மாமியார் வந்திருந்தார். செராஸ் பக்கம் ஒரு பசார் மாலாமில், லாரியிலேயே பழத்தைக் குவித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பையன், நாங்கள் பேசியதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, தமிழ்நாடா? அசல் மூசாங் கிங், கிலோ 45 வெள்ளிதான். அம்மாவுக்கு நல்லதா பாத்துத் தரேன்."

அந்நிய ஊரில் "அம்மாவுக்கு" என்று ஒரு குரல் வந்தால் போதும், நம் ஆட்கள் உருகிவிடுவோம். நானும் உருகினேன்.

மூசாங் கிங் என்பது டுரியானில் ஒரு ரகம். அவன் காட்டியது அசல்தான். அடியில் நட்சத்திரம் மாதிரி பழுப்புக் கோடு இருந்தது. மூசாங் கிங்குக்கு அதுதான் அடையாளம். என் கண்முன்னே தராசில் வைத்தான், 2.4 கிலோ. 108 வெள்ளி. "இங்க இடமில்லண்ணே, பின்னாடி பிளந்து தாப்பாவ் (பார்சல்) பண்ணித் தரேன்" என்று பழத்தோடு லாரிக்குப் பின்னால் போனான். திரும்பும்போது டப்பாவில் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. 110 கொடுத்து, மீதி 2 வெள்ளியை நீயே வைத்துக்கொள் என்று பெருந்தன்மை வேறு.

வீட்டில் திறந்தால் வெளிறிய சுளை, தண்ணீராய். மூசாங் கிங் சுளை மஞ்சள்தூள் நிறத்தில் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தேன். கொட்டையோடு 400 கிராம்கூட இல்லை. மாமியார் ஒன்றைத் தின்றுவிட்டு, "இதுக்கா மாப்பிள்ளை இவ்வளவு பேசினீங்க? பண்ருட்டிப் பலா தேவலையே" என்றார்.

நல்ல கடைக்காரர் பழத்தை உங்கள் முன்னாலேயே கீறி ஒரு சுளை காட்டுவார்; சரியில்லை என்றால் வேறு பழம் எடுப்பார். பழம் மறைவுக்குப் போகிறதென்றால் நீங்களும் பின்னாலேயே போங்கள், வெட்கப்படாதீர்கள்.

பயனீட்டாளர் டிரிபியூனலில் (நுகர்வோர் தீர்ப்பாயத்தில்) 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். யார் மேல் கேட்பது? ரசீது இல்லை, கொடுத்ததோ ரொக்கம். அடுத்த வாரம் அதே கிழமை போய்த் தேடினேன். லாரி நின்ற இடத்தில் ஒரு அக்கா ஆப்பம் பாலிக் சுட்டுக்கொண்டிருந்தார்.