நிலத்தடிச் சுரங்கப் பயிற்சிக்கு வி.ஆர். ஹெட்செட்: எல்லாம் சரி, இருட்டு எங்கே?

பழுது பார்க்கப் போயிருந்த வி.ஆர். ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் சுரங்கத்துக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் கருவி) போன வாரம் திரும்பி வந்தது. திரையையே புதிதாக மாற்றியிருக்கிறார்கள், காசும் வாங்கவில்லை. அதே சமயத்தில் நெய்வேலியில் வேலை பார்க்கும் நண்பன் போன் செய்தான். "எங்க டிரெய்னிங் சென்டருக்கும் வி.ஆர். வாங்கலாம்னு பேச்சு வருது. நீ ரொம்ப நாளா வெச்சிருக்கியே, எப்படிடா இருக்கு?" அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எடை, ரெசல்யூஷன், பேட்டரி விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும், அதற்குள் போகவில்லை.

கோதாவரிப் படுகையில், நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. 1966ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகள்படி இதை முடிக்காமல் யாரையும் உள்ளே வேலைக்கு இறக்கக் கூடாது. அதனால் இந்தக் கருவியில் எது சரியாக இல்லையோ அது நேராகச் சுரங்கத்துக்குள் போய்ச் சேர்கிறது. என் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

குறை ஒன்றே ஒன்று. இதில் கறுப்பு இல்லை.

சுரங்கத்துக்குள் கேப் லேம்பை, அதாவது தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கை, அணைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அமாவாசை ராத்திரியில்கூட வெளியே ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கும். உள்ளே அது கிடையாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். புதிதாக வருபவன் முதலில் பழக வேண்டியது இந்த இருட்டுக்குத்தான், ஏனென்றால் தீயோ வெடிப்போ நடந்து புகை சூழ்ந்தால் கேப் லேம்ப் எரிந்தாலும் பயனில்லை. கைதான் வழி காட்ட வேண்டும்.

ஹெட்செட்டில் லேம்பை அணைத்தால் வருவது சாம்பல் நிறம். இது எல்.சி.டி. திரை, கறுப்பு என்று சொன்னாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதில் கொஞ்சம் கசியும். ஓ.எல்.இ.டி. என்றால் ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் கடையில் மாட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மனிதக் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம்வரை எடுக்கும். பழகப் பழக அந்தச் சாம்பல் இன்னும் பளிச்சென்று தெரியும். அதாவது பயிற்சி நீள நீள இருட்டு குறைகிறது! மூக்குப் பக்கத்து இடைவெளியில் கறுப்புத் துணி வைத்துப் பார்த்தேன், பிரைட்னஸைக் குறைத்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளேயிருந்து வரும்போது துணி என்ன செய்யும்?

அந்தச் சாம்பலில் சுவர் தெரிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கண் முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. பையன்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கை சுவரையோ கயிற்றையோ தேடுவதே இல்லை. செல்ஃப் ரெஸ்க்யூவரை (புகையில் மூச்சு விட உதவும் அவசரக் கருவி) இடுப்பிலிருந்து எடுத்து, வாயில் கடித்து, மூக்கில் கிளிப் போடுவதும் இதில் ஒரு பட்டனை அழுத்துவதோடு முடிந்துவிடுகிறது. நிஜத்தில் உள்ளே இழுக்கும் காற்று சூடாக வரும், மூச்சு இழுக்கவே பலம் வேண்டும். தெரியாதவன் கருவி கெட்டுவிட்டது என்று பயந்து கழற்றிவிடுவான்.

இனி நியாயமாகப் பேச வேண்டிய பகுதி. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயுவைப் பற்றி எத்தனையோ முறை போர்டில் படம் போட்டிருக்கிறேன். காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டித் தேங்கும், 5 முதல் 15 சதவீதம்வரை இருந்தால் வெடிக்கும், 1.25-ஐ எட்டினாலே மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று பையன்கள் ஒப்பிப்பார்கள். இதில் அந்த வாயுவை நீல நிறமாகக் காட்டுகிறார்கள். தலைக்கு மேல் நீலப் படலம் நகர்ந்து வருவதைப் பார்த்த பிறகு, வாயுவைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரை ஏன் கூரைவரை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று ஒருவன்கூட என்னிடம் கேட்கவில்லை. கூரையும் அப்படித்தான். கூரைப் பாறையைத் தாங்க அடிக்கும் போல்ட்களின் கடைசி வரிசையைத் தாண்டிக் கால் வைத்தால் பாறை இறங்குகிறது. இதை நிஜத்தில் யாருக்கும் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது. இப்போது உள்ளே போனதும் பையன்கள் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று உள்ளே மேற்பார்வை பார்க்கும் ஓவர்மேன்களே சொல்கிறார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனால் இருட்டுப் பயிற்சிக்கு நான் திரும்பவும் கயிற்றுக்கே வந்துவிட்டேன். அமெரிக்காவில் 2006 ஜனவரியில் சாகோ சுரங்க வெடிப்பில் 12 பேர் இறந்த பிறகு வந்த சட்டம், தப்பிக்கும் பாதை நெடுக லைஃப்லைன் கயிறு வேண்டும் என்றது. அதில் இடையிடையே கூம்புகள் இருக்கும். வெளியே போகும் திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் தட்டைப் பக்கம் தடுக்கும். ஹாலின் ஜன்னல்களை அடைத்துவிட்டு அப்படி ஒரு கயிற்றைக் கட்டியிருக்கிறேன். செலவு ஹெட்செட்டில் நூறில் ஒரு பங்குகூட வராது.

பெரிய வட்டத் திரை வாங்கினால் சரியாகிவிடுமா என்று நண்பன் கேட்டான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அப்படிச் சுற்றுத் திரையில் சுரங்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். கூட்டமாக நின்று பேசிப் பழக அது நல்லது. ஆனால் புரொஜெக்டருக்கும் முழுக் கறுப்பு வராது.

புதுத் திரை வந்ததும் முதல் வேலையாக லேம்பை அணைத்துப் பார்த்தேன். அதே சாம்பல். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால், "இது ரிப்பேர் இல்ல சார், பேனலே அப்படித்தான்" என்றார். அவர் சொன்னது சரிதான். என் ஆத்திரம் அவர்மேல் இல்லை. நிலத்தடிச் சுரங்கத்துக்கென்றே செய்ததாகச் சொல்லி இதை விற்பவர்கள்மேல்தான்.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே இருட்டு பிரச்சினை இல்லை. கன்வேயர் பெல்ட் பக்கத்தில் எங்கே கை போகக் கூடாது, டம்பர் டிரைவருக்கு எந்த இடமெல்லாம் மறையும் என்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீ தாராளமாக வாங்குடா என்றேன். நிலத்தடிக்காரர்கள் கேட்டால், மேலே அத்தனை நல்லது சொன்ன பிறகும், இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால் டெமோவுக்கு வருபவரை ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வையுங்கள். லேம்பை அணைக்கும் காட்சியைப் போடச் சொல்லி, நீங்களே மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருங்கள். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.