பைசாலியா கொட்டினால் வெந்நீரா, ஐஸா?

நீலக் காற்றுப்பையோடு வெப்பக் கடல்களில் மிதக்கும் பைசாலியா பார்க்க ஜெல்லிமீன் மாதிரி இருந்தாலும், பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் ஒரு கூட்டம். முக்கிய இரை மீன்குஞ்சுகள். அவற்றைப் பிடிக்கத்தான் அடியில் தொங்கும் கொட்டும் இழைகள், சராசரியாக 10 மீட்டர், சிலவற்றில் 30 மீட்டர் வரை. கரையொதுங்கிச் செத்த பிறகும் கொட்டும். இழைகளில் உள்ள நஞ்சூசிச் செல்கள் தொட்டாலே வெடிக்கும், உயிர் இருக்க வேண்டியதில்லை.

எந்த வழியானாலும் முதலில் கடல்நீரை ஊற்றிக் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். துண்டால் தேய்த்தால் மிச்சமிருக்கும் செல்களும் வெடிக்கும். பலர் சொதப்புவது இங்கேதான்.

வலி
வெந்நீர்: சூட்டில் நஞ்சின் புரதங்கள் செயலிழக்கும் என்பது விளக்கம். 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 20 நிமிடத்தில் 87% பேருக்கு வலி குறைந்தது.
ஐஸ்: அதே ஆய்வில் 33%. மரத்துப்போகும், அவ்வளவே.

வசதி
வெந்நீர்: 45 டிகிரி, 20 நிமிடம். ஆறினால் பயனில்லை, ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
ஐஸ்: உலர்ந்த பையில் சுற்றி வைத்தால் போதும்.

ஆபத்து
வெந்நீர்: கொட்டுப்பட்ட தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. கொட்டாத கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.
ஐஸ்: நேரடியாக வைத்தால் தோல் புண்ணாகும்.

சுடுநீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வெந்நீர். வெறும் மணல்வெளியில் மாட்டிக்கொண்டால் ஐஸ். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.