ஐ2சி-டெவ், எஸ்பிஐடெவ்: பல வருடப் பயன்பாட்டில் தெரிய வருபவை

லினக்ஸில் ஒரு சென்சாரோடு பேசுவதற்குத் தனியாக கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் எழுதத் தேவையில்லை. சிப்களை இணைக்கும் கம்பித் தடத்துக்கு பஸ் என்று பெயர். ஐ2சி பஸ்ஸுக்கு ஐ2சி-டெவ், எஸ்பிஐ பஸ்ஸுக்கு எஸ்பிஐடெவ் என்று சாதாரண புரோகிராமிலிருந்தே பேச இரண்டு வாசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டும் உறுதியானவை. பழைய புரோகிராம் புதிய கெர்னலிலும் மாற்றமில்லாமல் ஓடும். தொல்லை வருவது பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான்: ஒரு பரிமாற்றம் எந்த அழைப்பில் தொடங்கி எதில் முடிகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது.

ஐ2சியில் வழக்கமான முறை இது. /டெவ்/ஐ2சி-1 என்ற கோப்பைத் திறக்க வேண்டும், ஐஆக்டில் (சாதனத்துக்கான அமைப்புகளையும் கட்டளைகளையும் அனுப்பும் அழைப்பு) மூலம் சிப்பின் முகவரியைச் சொல்ல வேண்டும், பிறகு ரீட், ரைட். முகவரி சொல்லும் அழைப்பு பஸ் கம்பியைத் தொடுவதே இல்லை. சிப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினாலும் வெற்றி என்றே திரும்பும். பதில் வராத விஷயம் முதல் ரீட் அல்லது ரைட்டில்தான் தெரியும். அதிலும் எரர் எண் எல்லா அடாப்டருக்கும் ஒன்றல்ல. சில டிரைவர்கள் இஎன்எக்ஸ்ஐஓ தரும், சில இரிமோட்ஐஓ தரும். ஒன்றை மட்டும் சோதிக்கும் புரோகிராம் வேறு போர்டுக்கு மாற்றியதும் குழம்பிவிடும்.

முகவரி விஷயத்தில் இன்னொரு வழக்கமான சறுக்கல்: சில டேட்டாஷீட்கள் ரீட்-ரைட் பிட்டையும் சேர்த்து 8 பிட்டாக ஹெக்ஸ் 90 என்று போட்டிருக்கும். லினக்ஸ் கேட்பது 7 பிட், அதாவது ஹெக்ஸ் 48.

எல்எம்75 வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்வோம். 0 என்று ஒரு பைட் எழுதி ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) தேர்ந்தெடுத்து, பிறகு இரண்டு பைட் படிக்க வேண்டும். ரைட், ரீட் என்று தனித்தனியாக அழைத்தால் நடுவில் ஸ்டாப், அதாவது பரிமாற்றம் முடிந்தது என்ற சிக்னல், விழும். சிப் கடைசியாகத் தேர்ந்த ரெஜிஸ்டரை நினைவில் வைத்திருப்பதால் சோதனை மேசையில் எல்லாம் சரியாகவே நடக்கும். அதே சிப்பைக் கண்காணிக்கும் இன்னொரு புராசஸ் சேர்ந்த பிறகுதான் வினை. இந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில் அது புகுந்து கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரைத் தேர்ந்துவிட்டால், வெப்பநிலை என்று வருவது வேறு ஏதோ எண்ணாக இருக்கும். எப்போதாவது ஒருமுறை நடப்பதால், குறை மென்பொருளில் இருக்க, கம்பியையும் புல்-அப் ரெசிஸ்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஐ2சி-ஆர்டிடபிள்யூஆர் என்ற ஒரே ஐஆக்டிலில் இரண்டு மெசேஜையும் சேர்த்து அனுப்பினால் இது தீரும். நடுவில் ஸ்டாப் இல்லை, பஸ்ஸை விடாமலே மறுபடி தொடங்கும் ரிப்பீட்டட் ஸ்டார்ட் மட்டும். முடியும்வரை கெர்னல் பஸ்ஸை வேறு யாருக்கும் விடாது. ஒரு அழைப்பில் 42 மெசேஜ்வரை, ஒவ்வொன்றும் 8192 பைட்வரை போகலாம். எஸ்எம்பஸ் (ஐ2சியிலிருந்து வந்த, கட்டுப்பாடு கூடிய வகை) மட்டும் தெரிந்த கண்ட்ரோலர்களில் இது ஓடாது. எது ஆகும், எது ஆகாது என்று ஐ2சி-ஃபங்க்ஸ் மூலம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அங்கே இரண்டு பைட்டை ஒன்றாகப் படிக்கும் வேர்ட் ரீட் போதும், அதுவும் ஒரே அழைப்புதான். ஆனால் எஸ்எம்பஸ் தாழ்ந்த பைட் முதலில் வருவதாக எடுத்துக்கொள்ளும், எல்எம்75 உயர்ந்த பைட்டை முதலில் அனுப்பும். 25 டிகிரிக்கு ஹெக்ஸ் 1900 வர வேண்டிய இடத்தில் 0019 வந்தால் சிப் கெட்டுப்போகவில்லை, பைட்டை இடம் மாற்றிப் போட வேண்டும், அவ்வளவே.

ஒரு முகவரியைக் கெர்னல் டிரைவர் ஏற்கெனவே எடுத்திருந்தால் முகவரி சொல்லும்போது இபிஸி (ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது) என்ற எரர் வரும். பஸ்ஸில் எந்தெந்த முகவரியில் சிப் இருக்கிறது என்று தேடும் ஐ2சிடிடெக்ட் கருவியின் அட்டவணையில் அந்த இடத்தில் யூயூ என்று தெரியும். இதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. ஆர்டிடபிள்யூஆர் அழைப்பு இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை, டிரைவர் வைத்திருக்கும் சிப்போடும் நேராகப் பேசிவிடும். ஐ2சிடிடெக்ட்டையும் விளையாட்டாக ஓட்டக் கூடாது. அது ஒவ்வொரு முகவரிக்கும் எதையாவது அனுப்பித்தான் பார்க்கிறது. அது அனுப்பும் குயிக் ரைட் (டேட்டா இல்லாத ரைட்) பட்டு ஏடி24ஆர்எஃப்08 ஈப்ராம் கெட்டுப்போகும் என்று அதன் மேனுவலே எச்சரிக்கிறது.

பஸ் எண்ணையும் நம்ப வேண்டாம். அடாப்டர்கள் ஏறும் வரிசை மாறினால் 1 என்பது 3 ஆகிவிடும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள வன்பொருளைக் கெர்னலுக்குச் சொல்லும் விவரணை) ஏலியாஸ் வைப்பது அல்லது அடாப்டர் பெயரைப் பார்த்து, சாதனக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் யுடெவ்வில் விதி எழுதுவது சரியான வழி.

எஸ்பிஐடெவ்வில் இதே எல்லைப் பிரச்சினை சிப் செலக்ட் (எந்த சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் கம்பி, பேசும்போது தாழ்ந்திருக்கும்) உருவில் வருகிறது. டபிள்யூ25கியூ64 ஃபிளாஷிடம் ஹெக்ஸ் 9எஃப் அனுப்பினால் ஈஎஃப் 40 17 என்று மூன்று பைட் அடையாளம் தர வேண்டும். ரைட் ஒன்று, ரீட் ஒன்று என்று அழைத்தால் நடுவில் சிப் செலக்ட் உயர்ந்துவிடும், சிப் கட்டளையை மறந்துவிடும். கைக்கு வருவது எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் போன்ற வெற்று எண்தான். இரண்டு டிரான்ஸ்ஃபரையும் ஒரே மெசேஜ் ஐஆக்டிலில் போட்டால் சிப் செலக்ட் கடைசிவரை தாழ்ந்தே இருக்கும். டிரான்ஸ்ஃபர் ஸ்ட்ரக்சரை முதலில் முழுக்கப் பூஜ்யமாக்க வேண்டும். விட்டுப்போன ஒரு ஃபீல்டில் கிடக்கும் குப்பை எண் போதும், இஇன்வால் (தவறான மதிப்பு) எரர் வர.

இயல்பான பஃபர் 4096 பைட். 320க்கு 240, 16 பிட் டிஸ்ப்ளேயின் ஒரு முழுப் படம் 1,53,600 பைட், அதாவது 38 அழைப்பு. ஒரே அழைப்பில் பஃபரை மீறினால் இஎம்எஸ்ஜிசைஸ் எரர். மாட்யூலின் பஃப்சிஸ் பாராமீட்டரை 65536 ஆக்கினால் மூன்றே அழைப்பில் முடியும்.

புதிய கெர்னலுக்கு மாறியதும் எஸ்பிஐடெவ் கோப்பே காணாமல் போனால், டிவைஸ் ட்ரீயில் வெறுமனே எஸ்பிஐடெவ் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நெடுநாள் எச்சரிக்கையோடு விட்டுவந்ததை இப்போது கெர்னல் ஏற்பதில்லை. அங்கே உண்மையான சிப்பின் பெயர்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்கு, சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்தச் சாதனத்தின் டிரைவர்-ஓவர்ரைடு கோப்பில் எஸ்பிஐடெவ் என்று எழுதி, பிறகு பைண்ட் (டிரைவரோடு இணைப்பது) செய்யலாம்.

இன்டரப்ட், அதாவது சிப் தானாக முன்வந்து தரும் அறிவிப்பு, இரண்டிலும் கிடையாது. டேட்டா தயார் என்று சொல்லும் கால் சிப்பில் இருந்தால், அதைக் கெர்னல் 4.8இல் வந்த ஜிபிஐஓ கேரக்டர் டிவைஸ் வழியாகத்தான் கவனிக்க வேண்டும்.

சொந்த பஸ் டிரைவருக்கு ஆவணம் எழுதுபவர்கள் ஐஆக்டில் பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். படிப்பவருக்கு வேண்டியது வேறு. இந்த அழைப்பு கம்பியைத் தொடுமா, பூட்டு எதுவரை, அமைத்த மதிப்பு எதோடு ஒட்டிக்கொள்ளும்? ஐ2சி-டெவ்வில் முகவரி திறந்த கோப்போடு ஒட்டும், இரண்டு புராசஸ் இரண்டு முகவரி வைத்துக்கொள்ளலாம். எஸ்பிஐடெவ்வில் மோடு (கிளாக்கின் எந்த நிலையில் பிட்டைப் படிப்பது என்ற அமைப்பு) சாதனத்தோடு ஒட்டும். ஒரு சோதனைக் கருவி மோடு 3 வைத்துவிட்டு மூடிய பிறகும் அது அப்படியே கிடக்கும். அடுத்துத் திறக்கும் புரோகிராம் மோடு 0 என்று தானே சொல்லாவிட்டால் பிட் நகர்ந்த எண்களைப் படித்துக்கொண்டிருக்கும்.